இறுதி வெற்றி யாருடையது? தொழிற்பேட்டைச் சபைகளில் கிறிஸ்தவ நம்பிக்கையை அறிவித்தல்

தீமையின்மேல் கடவுள் இறுதியாக வெற்றி கொள்வார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொள்கை அன்று. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும் சபை, கிறிஸ்துவின் மறு வருகையையும் நியாயத்தீர்ப்பையும் சரீரத்தின் உயிர்த்தெழுதலையும் ஒரே மூச்சில் அறிக்கையிடுகிறது. ஆயினும் நம் பிரசங்க பீடங்களில் இப்பொருள் அருகியே ஒலிக்கிறது. அட்வெந்து ஞாயிறுகளிலும் அடக்க ஆராதனைகளிலும் தொட்டுச் செல்கிறோம். மற்ற நேரங்களில் அதை எழுப்புதல் கூட்டப் பேச்சாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறோம். இதன் விளைவாக, சபையார் இதனை அச்சத்தோடு கற்கிறார்கள் அல்லது கற்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இக்கட்டுரை அந்நம்பிக்கையின் உட்பொருளை விளக்க முயல்கிறது. அதை ஆகாயத்தில் நின்று விளக்க இயலாது. ஆகவே, திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியை, குறிப்பாக வல்லம், வடகால் என்னும் ஊர்ப்பெயர்களை இணைத்து வழங்கும் சிப்காட் தொழிற்பூங்காவைக் கண்முன் வைத்துக்கொள்வோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்நிலப்பரப்பில் 1990-களின் இறுதி முதல் மோட்டார் வாகனங்களும், கண்ணாடியும், கைப்பேசிகளும் உற்பத்தியாகின்றன. தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞரும் இளம்பெண்களும் மூன்று முறைப்பணிகளில் உழைக்கிறார்கள். அவர்களில் பலர் நம் சபைகளின் பிள்ளைகள். இரவுப் பணி முடித்து, உறக்கம் நிறைந்த கண்களோடு ஆராதனையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, "கடவுள் தீமையை வென்றார், வெல்வார்" என்பதை எப்பொருளில் சொல்வோம் என்பதே இங்கு நம்முன் உள்ள வினா.

1. சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைக் கவனிப்போம். பழைய தமிழ்த் திருமறையில் 'விசுவாசம்' ஒரு சொல், 'நம்பிக்கை' வேறொரு சொல். முன்னது பற்றிக்கொள்ளுதலையும், பின்னது வரவிருப்பதை நோக்கிக் காத்திருத்தலையும் குறித்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு முன்னதை 'நம்பிக்கை' என்றும், பின்னதை 'எதிர்நோக்கு' என்றும் மொழிபெயர்த்தது. பேச்சு வழக்கிலோ 'நம்பிக்கை' இரண்டையும் தழுவி நிற்கிறது. "அவர்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு" என்கிறோம். "வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது" என்றும் சொல்கிறோம்.

இந்த மயக்கம் ஒருவகையில் நன்மையே. கிறிஸ்தவ எதிர்நோக்கு, நாளை நன்றாக இருக்கும் என்ற பொதுவான எதிர்பார்ப்பு அன்று. அது ஓர் ஆளின்மேல் வைத்த பற்றிலிருந்து பிறப்பது. எபிரெயருக்கு எழுதிய ஆசிரியர் இதை நேர்மையோடு சொல்கிறார்: எல்லாம் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்பட்டிருப்பதை நாம் இன்னும் காணவில்லை, ஆனால் மரணத்தை அனுபவித்து மகிமையடைந்த இயேசுவைக் காண்கிறோம் (எபி. 2:8-9). காணாததை மறைக்காமல் ஒப்புக்கொள்வதும், கண்ட ஒன்றைப் பற்றிக்கொள்வதும் அந்த ஒரே வாக்கியத்தில் இணைந்துள்ளன. இறுதியியல் பற்றிய நம் பிரசங்கம் முழுவதற்கும் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

2. குறைபட்ட மூன்று விளக்கங்கள்

நம் சபையார் நடுவில் மூன்று விளக்கங்கள் உலவுகின்றன. மூன்றிலும் சிறிது உண்மை உண்டு, மூன்றும் குறைபட்டவை.

முதலாவது, கணக்கிடும் விளக்கம். மிருகத்தின் முத்திரை எது என்று தேடுவது இதன் வழக்கம். முன்பு பொருள்களின்மேல் அச்சிட்ட கோட்டுக் குறியீட்டைக் காட்டினார்கள். பின்னர் ஆதார் அட்டையைக் காட்டினார்கள். 2021-இல் தடுப்பூசியைக் காட்டினார்கள். காட்டப்படும் பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. காட்டும் விரல் மட்டும் மாறவில்லை. இது புதியதும் அன்று. திருவிதாங்கூரில் தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து குருப்பட்டம் பெற்ற யுஸ்தூஸ் யோசேப்பு என்பவர், 1875-இல் எழுந்த எழுப்புதலில் முன்னின்று, ஆறு ஆண்டுகளில் ஆண்டவர் வருவார் என அறிவித்தார். 1881-ஆம் ஆண்டு வந்தது, கடந்தது. யுயோமயம் என்னும் தனிச் சபையே மிஞ்சியது. அவருடைய பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆயினும், நாளையும் நாழிகையையும் பிதா தம்மிடமே வைத்துக்கொண்டார் என்னும் ஆண்டவரின் எச்சரிப்பு (மாற். 13:32) அறிவுக் குறைவைச் சுட்டுவதற்காக மட்டும் சொல்லப்பட்டதன்று, காலத்தைக் கணக்கிடுவோர் அயலானைக் கவனிக்கத் தவறுவர் என்பதாலும் சொல்லப்பட்டது.

இரண்டாவது, தப்பிச் செல்லும் விளக்கம். உலகம் கெட்டது, ஆத்துமா மட்டும் பரலோகம் சேரும் என்பது இதன் சாரம். துன்பத்தில் உள்ளவருக்கு இது ஆறுதல் தருவதால் இதை இகழக் கூடாது. ஆனால் திருமறையின் கடைசிக் காட்சியில் மனிதர் மேலே ஏறிச் செல்லவில்லை, புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது (வெளி. 21:2). கடவுள் தாம் படைத்ததைக் கைவிட்டுவிட்டால், அது தீமைக்குக் கிடைத்த வெற்றி ஆகிவிடும். படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்பட்டு விடுதலைக்குக் காத்திருக்கிறது என்று பவுல் சொல்லும்போது (உரோ. 8:19-22), மண்ணையும் நீரையும் சேர்த்தே சொல்கிறார்.

மூன்றாவது, வளர்ச்சியை இறையரசாக எண்ணும் விளக்கம். ஆலை வந்தது, வேலை வந்தது, சாலை வந்தது. ஆகவே கடவுளின் ஆசீர்வாதம் வந்துவிட்டது என்பது இது. வேலை ஓர் ஆசீர்வாதம்தான். ஆனால் இப்பகுதியிலேயே 2006-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த நோக்கியா கைப்பேசி ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டதை நாம் அறிவோம். எட்டு ஆண்டுகளில் முடிந்துபோகக்கூடிய ஒன்றை இறையரசு என்று அழைப்பது, அதை இழந்தவரிடம் "கடவுள் உன்னைக் கைவிட்டார்" என்று சொல்வதற்குச் சமம்.

3. தீர்ப்பும் நிறைவேற்றமும்

புதிய ஏற்பாடு வெற்றியை வருங்காலத்தில் மட்டும் வைக்கவில்லை. சிலுவையில் கிறிஸ்து துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் ஆயுதம் களைந்து வெளியரங்கமாக்கினார் என்கிறது கொலோசெயர் நிருபம் (2:15). சுவீடன் நாட்டு இறையியலார் குஸ்தாப் ஔலேன் 1930-இல் இக்கருத்தைத் திருச்சபையின் தொன்மையான மீட்புக் கோட்பாடு என்று எடுத்துக்காட்டினார். பலி, ஈடு, முன்மாதிரி ஆகிய விளக்கங்களோடு, சிலுவை ஒரு போராட்டமும் வெற்றியும் ஆகும் என்பதைச் சபை மறந்துவிடாதிருக்க அவர் நூல் உதவியது.

வென்றாயிற்று என்றால், தீமை ஏன் இன்னும் உலவுகிறது? இதற்கு ஆஸ்கர் குல்மன் 1946-இல் கூறிய உவமை இறையியல் கல்லூரிகளில் நன்கு அறியப்பட்டது. 1944 சூன் 6-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது போரின் போக்கு முடிவாகிவிட்டது; ஆனால் வெற்றி நாள் 1945 மே 8-இல் தான் வந்தது. சபை இவ்விரு நாள்களுக்கும் இடையில் வாழ்கிறது என்றார் அவர். உவமை தெளிவானது. எனினும் அதில் ஒரு முள் உண்டு. அது ஆயுத வெற்றியின் உவமை. வேறு படங்களையும் நாம் தேட வேண்டியுள்ளது.

நம் மக்கள் நன்கறிந்த ஒரு படம் உண்டு. நில வழக்கில் தீர்ப்பு ஒருவருக்குச் சாதகமாகிவிட்டது. டிக்ரி கையில் இருக்கிறது. ஆனால் எதிர்வாதி இன்னும் நிலத்தை விட்டு வெளியேறவில்லை. நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற அமீனா வந்து, சுவாதீனம் ஒப்படைக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் எதிர்வாதி முன்னிலும் மூர்க்கமாக நடந்துகொள்வதுண்டு, தன் காலம் குறுகியது என்று அவனுக்குத் தெரியும் (வெளி. 12:12 இதையே சொல்கிறது). ஆயினும் அவனுடைய இருப்பு இனி உரிமை அன்று, அத்துமீறலே. யோவான் நற்செய்தியும் இந்த வழக்காடு மொழியிலேயே பேசுகிறது: இவ்வுலகத்தின் நியாயத்தீர்ப்பு இப்போதே நடக்கிறது, இவ்வுலகத்தின் அதிபதி வெளியே தள்ளப்படுகிறான் (12:31).

இத்துடன் பவுலின் 'அரபோன்' என்னும் சொல்லை இணைத்துக் காண்க. செமித்திய வணிகர் வழியாகக் கிரேக்கத்தில் நுழைந்த சந்தைச் சொல் இது. நம் திருமறை இதை 'அச்சாரம்' என்று மொழிபெயர்த்தது மிகப் பொருத்தமானது (2 கொரி. 1:22, எபே. 1:14). அச்சாரம் வெறும் வாக்குறுதி அன்று. முழுத் தொகையின் ஒரு பகுதியே முன்னதாகக் கைக்கு வருவது. தூய ஆவியானவர் நமக்குத் தரப்பட்டிருப்பது, வரவிருக்கும் உலகத்தின் ஒரு பங்கு இப்போதே நம் கையில் இருக்கிறது என்பதாகும். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைப் பவுல் முதற்பலன் என்பதும் (1 கொரி. 15:20) இதே பொருளில்தான். வயல்கள் ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்ட ஊர்களிலும் நம் சபைகள் அறுப்பின் பண்டிகையைக் கொண்டாடுகின்றன. முதற்கதிர் வந்துவிட்டால் அறுவடை உறுதி என்னும் அறிவு, கடையில் வாங்கிய காய்கனிகளைப் படைக்கும் தலைமுறைக்கும் எடுத்துச் சொல்லப்பட வேண்டும்.

4. வெல்லும் முறை

கடவுள் வெல்வார் என்பதோடு, எவ்வாறு வெல்வார் என்பதும் நற்செய்தியின் பகுதி. தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் படிக்கப்படுகிறது, கூத்து நடைபெறுகிறது, இறுதியில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்க, அவன் வீழ்ச்சி நடித்துக் காட்டப்படுகிறது. அவமதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் சபதம் நிறைவேறும் அந்த நேரத்தில் ஊரார் கண்ணீர் விடுகிறார்கள். அநீதி ஒருநாள் வீழ வேண்டும் என்ற ஏக்கம் நம் மண்ணில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது சான்று. இந்த ஏக்கத்தை நாம் ஏளனம் செய்யக் கூடாது. பலிபீடத்தின்கீழ் இருந்து "எதுவரைக்கும்" என்று கதறும் ஆத்துமாக்களின் குரலும் (வெளி. 6:10) இதனோடு ஒத்ததே.

ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் இந்த ஏக்கத்துக்கு எதிர்பாராத விடை தருகிறது. ஐந்தாம் அதிகாரத்தில், யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றது என யோவான் காதால் கேட்கிறார். திரும்பிப் பார்க்கையில் கண்ணால் காண்பதோ அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. நூலின் எஞ்சிய பகுதி முழுவதையும் இக்காட்சியின் வழியாகவே படிக்க வேண்டும். பன்னிரண்டாம் அதிகாரத்தில் விசுவாசிகள் வலுசர்ப்பத்தை வெல்வது ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும், சாட்சியினாலும், உயிரைப் பெரிதாக எண்ணாமையினாலும் (12:11). பத்தொன்பதாம் அதிகாரத்தில் குதிரைமேல் வருகிறவரின் உடை, போர் தொடங்குமுன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அவருடைய வாள் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. அவ்வுடையிலுள்ள இரத்தம் பகைவருடையது என்று கொள்வோரும் உண்டு. நூலின் போக்கை நோக்கினால், அது ஆட்டுக்குட்டியின் சொந்த இரத்தமே எனக் கொள்வது பொருந்தும்.

இந்த வேறுபாட்டை இந்தியச் சிந்தனையில் நின்று எண்ணியவர் வே. சக்கரைச் செட்டியார் (1880-1958). சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று கிறிஸ்தவரான அவர், இயேசுவை அவதாரம் என்று அழைக்கத் தயங்கவில்லை. ஆனால் யுகந்தோறும் தோன்றித் தீயவரை அழித்து மறைந்துவிடும் அவதாரமாக அவர் இயேசுவைக் காணவில்லை. இயேசு ஏற்ற மனிதத்தன்மை நிலையானது. தூய ஆவியாக அவர் இன்றும் மனித வாழ்வில் தொடர்ந்து செயல்படுகிறார் என்பதே அவர் வற்புறுத்திய கருத்து. சக்கரத்தின் சுழற்சியில் தீமை வீழ்ந்து மீண்டும் எழும். ஒருமுறை மனிதனாகி என்றும் மனிதனாகவே இருக்கிற கடவுளிடம் தீமைக்கு மீண்டும் எழும் இடமில்லை. இறுதி வெற்றி என்பதில் உள்ள 'இறுதி' இந்தப் பொருளுடையது.

இதிலிருந்து ஓர் எச்சரிப்பும் பிறக்கிறது. நமது போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அன்று (எபே. 6:12). 1 கொரிந்தியர் 15-இல் கிறிஸ்து ஒழிக்கும் பகைவர் பட்டியலில் துரைத்தனம், அதிகாரம், வல்லமை, கடைசியாக மரணம் ஆகியவை உள்ளன. ஒரு மனிதனின் பெயரும் இல்லை. மனிதரைப் பகைவராக்கி அழிக்கும் வெற்றி எத்தகையது என்பதைத் தமிழர் நாம் கண்டிருக்கிறோம். 1991 மே 21-இல் திருப்பெரும்புதூர் மண்ணில் ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் வெடிகுண்டுக்குப் பலியானார்கள். 2009 மே மாதத்தில் இலங்கையில் ஒரு தரப்பு வெற்றிவிழா எடுத்தபோது, முள்ளிவாய்க்காலில் தம் உறவினரைத் தேடியலைந்தவர்கள் இருந்தார்கள். கொல்லப்பட்டவரைத் திருப்பித் தர இயலாத எந்த வெற்றியும் இறுதி வெற்றி ஆகாது. மரணத்தையே வெல்கிறவர் மட்டுமே இறுதி வெற்றியாளர்.

5. வல்லமைகள் இயங்கும் இடம்

பகைவர் மனிதர் அல்லர் என்றால், தீமை காற்றில் கரைந்துவிடுகிறதா? இல்லை. அது அமைப்புகளில் உறைகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 18-ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் வணிகச் சரக்குப் பட்டியல் ஒன்று உண்டு. ஏறத்தாழ 28 சரக்குகள். பொன்னும் வெள்ளியும் முதலில். பின்னர் துணி, மரம், தந்தம், வாசனைப் பொருள், எண்ணெய், மாவு, ஆடுமாடு, குதிரை, வண்டி. கடைசியாக மனித உடல்களும் உயிர்களும். பட்டியலைச் சத்தமாகப் படித்தால் யோவானின் கருத்து விளங்கும். கணக்கேட்டில் மனிதன் கடைசி வரியாகிவிட்ட நிலையே பாபிலோன். அங்கே கொடியவன் ஒருவனைத் தேட வேண்டியதில்லை. எல்லாரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்க, மனிதன் சரக்காகிறான்.

இந்த ஒளியில் நம் பகுதியின் அண்மைக் காலத்தைக் காணலாம். 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியருக்கு என்ன ஆயிற்று என்று அறிய முடியாத நிலையில், பெண்கள் பெருந்திரளாகச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். உலகச் சந்தைக்குச் செல்லும் பொருளின் தரத்தை நுணுகி நுணுகிச் சோதித்த ஓர் ஏற்பாட்டில், அதைச் செய்கிறவரின் சோற்றையும் உறங்கும் இடத்தையும் அவ்வாறு சோதிப்பார் இல்லாதிருந்தனர் என்பது வெளிப்பட்டது. ஒரு தனி மனிதனின் கொடுமையைக் காட்டிலும், 'வல்லமைகள்' என்று பவுல் குறிப்பிட்டதற்கு இது நெருங்கியது.

2024 ஆகஸ்ட் 17-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பு, 706.50 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் நிறுவனத்தால் கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி, 37 நாள்கள் நீடித்தது. ஊதியமும் பணி நிலையும் ஒருபுறமிருக்க, தங்கள் சங்கம் ஏற்கப்பட வேண்டும் என்பதே அதன் மையக் கோரிக்கை. 2025 சனவரியில் சங்கம் பதிவு பெற்றது. இவற்றை இறையியல் மாணவர் எவ்வாறு படிக்க வேண்டும்? குடியிருப்பைப் புதிய எருசலேம் என்றோ, ஒரு நிறுவனத்தை மிருகம் என்றோ பெயரிட்டால், நாம் முன்னர் மறுத்த கணக்கிடும் விளக்கத்துக்கே திரும்புகிறோம். நல்ல படுக்கையும் தூய உணவும் நன்மை. தொழிலாளர் தம் பெயரில் ஒன்றுகூடிப் பேசும் உரிமை நன்மை. இவை இறுதியானவை அல்ல. ஆயினும் இறுதியானதற்கு வழி ஆயத்தம் செய்பவை. தீத்ரிக் பொன்ஹோபர் 'இறுதியானது', 'இறுதிக்கு முந்தியது' என்று பிரித்துக் காட்டியது இங்கு உதவுகிறது. பசித்தவனுக்கு அப்பம் கொடுப்பது இறையரசு அன்று. ஆனால் இறையரசு வருகிறது என்று நம்புகிறவன் அதைச் செய்யாமல் இருக்க முடியாது.

6. வீண்போகாத உழைப்பு

தொழிலாளர் சபையில் பிரசங்கிக்க ஏசாயா 65:17-25-ஐப் போன்ற பகுதி வேறில்லை. புதிய வானத்தையும் புதிய பூமியையும் பற்றிப் பேசத் தொடங்கும் தீர்க்கதரிசி, மேகங்களைப் பற்றிப் பேசவில்லை. வீட்டையும் தோட்டத்தையும் பற்றிப் பேசுகிறார். கட்டுகிறவனே குடியிருப்பான், நடுகிறவனே உண்பான், ஒருவன் கட்ட வேறொருவன் குடியிருக்கும் நிலை இராது, உழைப்பு வீணாகாது. இறுதி வெற்றியின் அடையாளமாக ஏசாயா வைப்பது, உழைத்தவன் கையில் உழைப்பின் பலன் சேர்வதை. தான் செய்யும் பொருளைத் தன் ஊதியத்தில் வாங்க இயலாத தொழிலாளிக்கு இதைவிட நேரான நற்செய்தி உண்டோ?

பவுலும் அங்கேயே வந்து சேர்கிறார். உயிர்த்தெழுதலைப் பற்றிய நீண்ட அதிகாரத்தின் முடிவில், ஆகவே மேலுலகை எண்ணிக்கொண்டிருங்கள் என்று அவர் எழுதவில்லை. கர்த்தருக்குள் உங்கள் பிரயாசம் வீணன்று, ஆகையால் அசையாமல் வேலை செய்யுங்கள் என்கிறார் (1 கொரி. 15:58). மரணம் கடைசி வார்த்தை என்றால், எல்லா உழைப்பும் இறுதியில் வீண்தான். மரணம் ஒழிக்கப்படும் என்றால், அன்பினால் செய்யப்பட்ட எதுவும் தொலைந்துபோவதில்லை. ஆகவே இறுதியியல் செயலற்றிருப்பதற்குச் சாக்கு ஆகாது; அது செயலின் வேர்.

வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. செருமனியின் மொட்லிங்கன் ஊரில் 1842-43-இல் போதகர் யோகான் கிறிஸ்தோப் புளூம்கார்ட், துன்புற்ற ஓர் இளம்பெண்ணுக்காக நெடுநாள் ஜெபத்தில் போராடினார். இயேசுவே வெற்றியாளர் என்ற அறிக்கை அப்போராட்டத்தின் முடிவில் ஒலித்தது. அவர் மகன் கிறிஸ்தோப் புளூம்கார்ட் அதே அறிக்கையைத் தொழிலாளர் துயரத்தினுள் கொண்டுசென்றார். 1899-இல் தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். அதனால் போதகப் பட்டத்தைத் துறக்க நேரிட்டது. 1900 முதல் 1906 வரை வூர்ட்டம்பர்க் சட்டமன்றத்தில் இருந்தார். தந்தையின் பேயோட்டும் ஜெபமும் மகனின் அரசியல் பணியும் ஒரே நம்பிக்கையின் இரு கிளைகள். கார்ல் பார்த் இவர்களிடம் கற்றதைத் தம் திருச்சபைக் கோட்பாட்டியலில் பதித்தார்.

நமக்கு அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை. முன்னே குறிப்பிட்ட சக்கரைச் செட்டியார் இறையியலார் மட்டும் அல்லர். அவர் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தவர். 1941-இல் சென்னை மாநகர மேயர் ஆனவர். 1950-களில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராக இருந்தவர். சிலுவையைப் பற்றி நூல் எழுதிய கையே தொழிலாளர் கோரிக்கைகளையும் எழுதியது. 1938-இல் அயலிலுள்ள தாம்பரத்தில் அனைத்துலக மிஷனரி மாமன்றம் கூடியபோது, அவரும் பா. செஞ்சையாவும் அவர் தம் நண்பர்களும், திருச்சபையை இறையரசின் இடத்தில் வைத்துவிடலாகாது என வாதிட்டனர். இயேசுவில் தோன்றியது ஒரு புதிய படைப்பு என்றும், தூய ஆவியானவர் அப்படைப்பின் ஆற்றல் என்றும் செஞ்சையா கற்பித்தார். அவர்கள் கூறிய அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. செஞ்சையாவிடம் திருச்சபைக்கு உரிய இடம் குறைந்துவிட்டது என்பது நியாயமான திறனாய்வே. ஆயினும் இறையரசின் நம்பிக்கை தொழிலாளியின் வாசலுக்கு வர வேண்டும் என்பதைத் தமிழகத்தில் முன்னரே வாழ்ந்து காட்டியவர்கள் இருந்தார்கள் என்பதை நம் மாணவர் அறிய வேண்டும்.

7. நியாயத்தீர்ப்பு யாருக்கு நற்செய்தி?

எஞ்சியுள்ள கடினமான வினா ஒன்று உண்டு. தீமை ஒழியும், தீமை செய்தவர் என்ன ஆவார்? ஓரிகன் எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவர் என்று நம்ப விரும்பினார். ஆறாம் நூற்றாண்டில் திருச்சபை அதைக் கோட்பாடாக ஏற்க மறுத்தது. காரணம், மனிதனின் மறுப்பைக் கடவுள் விளையாட்டாகக் கொள்வதில்லை என்பதே. மறுபுறம், கடவுள் எல்லாவற்றிலும் எல்லாமுமாய் இருப்பார் (1 கொரி. 15:28) என்ற வாக்கியத்துக்கு நாம் எல்லை கட்டவும் முடியாது. நரகம் காலியாயிருக்கும் என்று அறிவிக்கவும், அதில் யார் யார் இருப்பர் என்று பட்டியலிடவும் நமக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை. எல்லாருக்காகவும் ஜெபிக்க மட்டும் கட்டளை உண்டு (1 தீமோ. 2:1-4). இவ்விரு உண்மைகளையும் இணைத்துப் பிடித்துக்கொள்வதே போதகரின் கடமை.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். நியாயத்தீர்ப்பு முதலாவதாக அச்சுறுத்தல் அன்று. பாதிக்கப்பட்டவருக்கு அது நற்செய்தி. சங்கீதம் 98-இல் கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்பதைக் கேட்டு ஆறுகள் கைகொட்டுகின்றன, மலைகள் மகிழ்கின்றன. எவரும் கேளாத வழக்கு ஒருநாள் கேட்கப்படும்; எவரும் எழுதாத பெயர் ஒருநாள் வாசிக்கப்படும். கண்ணீரைத் துடைப்பவர் (வெளி. 21:4), கண்ணீர் ஏன் வந்தது என்று கேளாமலே துடைப்பவர் அல்லர். நினைக்கப்படாத துன்பம் ஆற்றப்படுவதில்லை. உண்மை வெளிவந்த பின்னரே ஆறுதல் வரும். அந்த நாளில் நாமும் நிற்போம் என்பதே நமக்குரிய நடுக்கம். அங்கே அமர்ந்திருப்பவர் சிலுவையில் அறையுண்டவரே என்பதே நமக்குரிய நம்பிக்கை.

8. போதகப் பணிக்குச் சில குறிப்புகள்

முதலாவதாக, அடக்க ஆராதனையில் பொய் பேசாதிருப்போம். வேலைக்குச் செல்லும் வழியில் நெடுஞ்சாலை விபத்திலோ, ஆலை விபத்திலோ இறந்த இளைஞனின் தாயிடம், "இது கடவுளின் சித்தம்" என்று விரைந்து சொல்லிவிடுகிறோம். பவுல் மரணத்தைக் கடவுளின் ஊழியன் என்று அழைக்கவில்லை. கடைசிப் பகைவன் என்று அழைத்தார். லாசருவின் கல்லறையில் ஆண்டவர் கண்ணீர் விட்டார். "அம்மா, இது கடவுளுக்கும் பகை; இதை அவர் இப்படியே விட்டுவிட மாட்டார்" என்று சொல்வது திருமறைக்கு உண்மையான ஆறுதல்.

இரண்டாவதாக, திருவிருந்தை எதிர்நோக்கின் விருந்தாகவும் நடத்துவோம். அவர் வருமளவும் அவர் மரணத்தை அறிவிக்கிறோம் என்பது அதன் ஒழுங்கு (1 கொரி. 11:26). நம் விருந்துகளில் துக்கம் மிகுந்து, மாரனாதா என்னும் முதற்சபையின் அழைப்பு மங்கிவிட்டது. மேலாளரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் அந்த மேசை, வரவிருக்கும் உலகத்தின் அச்சாரம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுவோம். வார நாள்களில் அவ்விருவருக்குமிடையே நடப்பது என்ன என்ற கேள்வியையும் அந்த மேசையே எழுப்பும்.

மூன்றாவதாக, வெளிப்படுத்தின விசேஷத்தைச் சபைக்குத் திருப்பிக் கொடுப்போம். அது ஆசியாவின் ஏழு சிறு சபைகளுக்கு எழுதப்பட்ட போதக நிருபம். பேரரசின் சந்தைக்குள் பிழைப்பு நடத்த வேண்டியிருந்த எளியவர்கள் அதன் முதல் வாசகர். நம் சபையாரைவிட அதை நன்கு புரிந்துகொள்ளும் தகுதி யாருக்கு உண்டு? ஒரு வருகைக் காலம் முழுவதும் அதைத் தொடர்ந்து படித்து விளக்கினால், அச்சம் குறைந்து ஆராதனை பெருகும்.

நான்காவதாக, ஆலை நுழைவாயிலுக்கும் விடுதிக்கும் செல்லுவோம். முறைப்பணியாளருக்கு ஞாயிறு காலை பொருந்தாவிட்டால், அவர்களுக்குப் பொருந்தும் வேளையில் ஆராதனை நடத்துவோம். உடல்நலமும் உணவும் ஊதியமும் பற்றி அவர்கள் பேசும்போது, அது ஆவிக்குரிய பேச்சு அன்று என்று தள்ளாதிருப்போம். அப்பத்துக்காக ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவரே, இராஜ்யம் வரும்படி ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்தார். இரண்டும் ஒரே ஜெபத்தில் உள்ளன.

நம் நம்பிக்கை கடவுள் ஏற்கெனவே செய்ததன்மேல் நிற்கிறது. தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது, அச்சாரம் கொடுக்கப்பட்டுவிட்டது, முதற்கதிர் களத்துக்கு வந்துவிட்டது. தீமை இன்னும் வெளியேறவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதற்கு இங்கு உரிமை இல்லை என்பதை அறிவிக்கவும், உரிமையுள்ளவர் வருமட்டும் அவருடைய நிலத்தில் உண்மையாய் உழைக்கவுமே திருச்சபை அழைக்கப்பட்டிருக்கிறது.